டால்ஃபின் நெற்றியும் பால்கனிச் சுவரும்

2023 ஜூலையில் ஒரு கப்பலின் படம் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’. பின்பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி கணினியில் வரைந்த படம். மேல்தளத்தில் பல வண்ணத்தில் சறுக்குக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. அதற்குக் கீழே மாடி மாடியாகப் பால்கனிகள். வெளிநாட்டில் யாரோ அதை மனிதர்களை அடுக்கிவைத்த லசான்யா என்று சொல்லப்போக, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

எங்கள் குழுவில் மாமா முதலில் எழுதினார்: “இது கப்பலா, நெல்லைப் பொருட்காட்சியா?” அத்தை மகள், பிள்ளைகளோடு போனால் இதில்தான் போகவேண்டும் என்றாள். சித்தி மகன் ஒருத்தன் சொகுசுக் கப்பல்களில் அறைப் பராமரிப்பு வேலை பார்க்கிறான். அவன் மட்டும் இரண்டு நாள் கழித்து, எந்தத் துறைமுகத்திலிருந்தோ ஒரு வரி போட்டான்: “அண்ணே, நீங்க எல்லாரும் வெளியே நின்னு பாக்கீங்க. உள்ளே இருக்கவனுக்கு கப்பலே தெரியாது.”

அவன் சொன்னதுதான் விஷயமே என்று எனக்குப் பட்டது. டிக்கெட் எடுத்து ஏறியவர் கண்ணுக்குக் கப்பலின் வெளித்தோற்றம் தெரிவதில்லை. அவருக்குத் தெரிவது அறை, நீச்சல்குளம், சாப்பாட்டுக்கூடம், அதற்கப்பால் தண்ணீர். கப்பல் முழு உருவமாகத் தெரிவது கரையில் நிற்பவர்களுக்கு. மீனவருக்கு, படகோட்டிக்கு, துறைமுகத்துக்கு வெளியே டீக்கடை போட்டிருப்பவருக்கு. தென்காசி ராஜகோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்ச் சாமி கும்பிட முடிகிறதோ இல்லையோ, குற்றாலத்துக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவரும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கோபுரம் வெளியே இருப்பவருக்காகக் கட்டியது. அதனால் கப்பல் அழகு பற்றிய சண்டையில் பயணிக்கு இருக்கிற உரிமை எனக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மலையடிவாரத்துச் சிவகிரியில் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்க்கவே தூத்துக்குடி வரை போகவேண்டிய எனக்குத்தான்.

கடலில்லாத ஊர் என்றாலும் எங்கள் பக்கத்துக்குக் கப்பல் அந்நியமில்லை. கடையநல்லூர், தென்காசியிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் ஏராளம். சிங்கப்பூரில் கடையநல்லூர் பெயரிலும் தென்காசி பெயரிலும் இன்றைக்கும் முஸ்லிம் சங்கங்கள் இருக்கின்றன. அவர்களில் பழைய தலைமுறை போனது ‘ரஜுலா’வில். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஓட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. கறுத்த உடல், உயரமாக ஒரே ஒரு புகைபோக்கி, கறுப்பான அந்தப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. அதற்குப் பிறகு இந்தியக் கப்பல் கழகத்தின் ‘எம்.வி. சிதம்பரம்’. பிரெஞ்சுக்காரர்கள் 1966-ல் தென் அமெரிக்கா வழிக்காக டன்கர்க்கில் கட்டிய ‘பாஸ்தர்’தான் 1970-களில் பெயர் மாறி நம்மிடம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, பலர் உயிரிழந்து, அந்த வழியே நின்றுபோனது.

பெரியவர்கள் மனதில் கப்பல் என்றால் அந்த ரஜுலாவின் வடிவம்தான். கூரான முன்பக்கம், நடுவில் கட்டடம், அதன்மேல் புகைபோக்கி, பின்னால் தாழ்ந்த தளம். நம் பாடப்புத்தகத்தில் வ.உ.சி. படத்துக்குப் பக்கத்தில் வரைவதும் அதே வடிவம். மாமா பொருட்காட்சி என்று கோபப்பட்டதற்குக் காரணம் அந்த வடிவத்தைக் காணவில்லை என்பதே. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய கப்பல்களை யாரும் அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. முன்பக்கம் நீண்டு கூராக இருந்தது வேகத்துக்கும் அலைக்கும். உயர்ந்த புகைபோக்கி, கொதிகலனுக்குக் காற்று இழுக்கவும் புகை பயணிகள் மேல் படியாமல் இருக்கவும். கறுத்த உடல் அழுக்குத் தெரியாமல் இருக்க. தேவை வடிவத்தைச் செய்தது. கண் பிறகு அதற்குப் பழகியது.

இன்றைய கப்பலின் தேவை வேறு. அதற்கு எங்கும் போய்ச் சேர அவசரமில்லை. அட்லாண்டிக்கைக் கடக்கப் போட்டி போட்ட கப்பல்கள் 28, 30 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) வேகத்துக்குக் கட்டியவை. சொகுசுக் கப்பலுக்கு 20, 22 நாட் போதும். மெலிந்த உடலுக்கு அவசியம் போய்விட்டது. மெலிந்த உடலில் அறைகளும் குறைவு. 1980-களுக்குப் பிறகு பயணிகள் கேட்க ஆரம்பித்தது ஒன்றே ஒன்று: அறைக்குச் சொந்தமாக ஒரு பால்கனி. பால்கனி அறைக்கு அதிகக் கட்டணம் கிடைக்கும். பால்கனி வேண்டும் என்றால் அறை ஓரத்தில் இருக்கவேண்டும். ஓரம் நிறைய வேண்டும் என்றால் பக்கச்சுவர் நேராகவும் உயரமாகவும் எழவேண்டும். உயிர்காப்புப் படகுகள் கீழ்த்தளத்துக்கு இறங்கின, அவற்றுக்கு மேலே சுவர் முழுக்கப் பால்கனி ஆனது. அறைகளையே கரையில் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து, குளியலறைக் குழாய் வரை பொருத்தி, கொண்டுவந்து கப்பலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். ஒரே அளவுப் பெட்டிகளை அடுக்கினால் வெளியே என்ன தெரியும்? அதுதான் தெரிகிறது.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று புரிய ஒரு கணக்குப் போதும். டைட்டானிக்கின் நீளம் 269 மீட்டர், மொத்த டன்னேஜ் 46,328. சென்னைக்கு வந்த கொர்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலின் நீளம் 211 மீட்டர்தான், மொத்த டன்னேஜ் 48,563. இந்த டன்னேஜ் எடையைக் குறிப்பதில்லை, கப்பலுக்குள் இருக்கும் கொள்ளளவைக் குறிப்பது. 58 மீட்டர் குட்டையான கப்பலுக்குள் டைட்டானிக்கை விட இடம் அதிகம். நீளத்தில் விட்டதை உயரத்தில் பிடித்துவிட்டார்கள். ஐகான் 365 மீட்டர், 2,48,663 டன்னேஜ். டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

“கவிழ்ந்துடாதா?” என்று அத்தை கேட்டார். கேட்கத் தோன்றுகிற கேள்விதான். இவ்வளவு உயரமான கப்பல் தண்ணீருக்குள் இறங்கியிருப்பது சுமார் 9 மீட்டர். ஆனால் எஞ்சின், எரிபொருள், தண்ணீர் எல்லாமே அடியில், மேல்தளங்களில் முடிந்தவரை எடை குறைந்த கட்டுமானம், அகலமும் அதிகம். கண்ணுக்குத் தலைகனமாகத் தெரிவது கணக்கில் அப்படியில்லை. காற்றடிக்கும்போது அந்தப் பெரிய பக்கச்சுவர் ஒரு தொல்லைதான். அதைச் சமாளிக்கத்தான் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளும், எந்தத் திசைக்கும் திரும்பும் சுழலிகளும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். 1990.

அந்த வருஷம் இத்தாலியின் மொன்ஃபால்கோனே கப்பல் தளத்திலிருந்து ‘கிரவுன் பிரின்சஸ்’ என்ற கப்பல் வந்தது. வடிவமைத்தவர் ரென்ஸோ பியானோ. பாரீஸின் பொம்பிடு மையத்தை ரிச்சர்ட் ரோஜர்ஸோடு சேர்ந்து உருவாக்கிய கட்டடக் கலைஞர். ஜெனோவா துறைமுக நகரத்தில் பிறந்தவர். அவர் கப்பலின் முன்பக்கத்தை டால்ஃபினின் தலையை மனதில் வைத்து வளைத்தார். மாலுமி அறைக்கு மேலே உருண்ட நெற்றி, அதற்குள் கடலைப் பார்த்து உட்காரும் கூடம். பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கப்பலுக்கு முகம் கொடுத்துவிட்டார் என்றார்கள் சிலர். இது கப்பலின் முகமே இல்லை என்றார்கள் மற்றவர்கள்.

அதே 1990-ல் பிரான்ஸின் சென்-நசேர் தளத்தில் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ முடிந்தது. பிரபலமான கலைஞர் யாரும் கிடையாது. மூன்று நாள், நான்கு நாள் சின்னப் பயணங்களுக்கென்று கட்டிய கப்பல். (எங்கள் தென்காசி ராஜகோபுரம் பல காலம் இடிந்து கிடந்து, ஒன்பது நிலைகளோடு சுமார் 180 அடிக்கு மறுபடி எழுந்து கும்பாபிஷேகம் கண்டதும் அதே 1990-தான்.)

இரண்டு கப்பலும் உலகம் சுற்றின, பெயர் மாறின, கை மாறின. முப்பது வருஷம் கழித்து இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. டால்ஃபின் தலைக்காரி 2019-ல் ‘கர்ணிகா’ என்ற பெயரில் ஜலேஷ் நிறுவனத்துக்காக மும்பையிலிருந்து ஓடினாள். கொரோனா வந்தது, நிறுவனம் மூடியது, 2020 கடைசியில் குஜராத்தின் அலங்கில் உடைக்கப் போய்விட்டாள். ரென்ஸோ பியானோ வரைந்த நெற்றி அலங் கடற்கரையில் கேஸ் கட்டிங்கில் துண்டு துண்டானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அருமையான ஒரு பொருள் நம் நாட்டுக்கு வந்திருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைப் போய் நின்று பார்த்தோம்?

நார்டிக் எம்ப்ரஸ்தான் கொர்டீலியாவின் எம்ப்ரஸ். 2021-ல் மும்பையில் ஆரம்பித்து, 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்கத் தமிழ்நாட்டுக்கு வந்தது. புதுச்சேரி அந்த மாதமே சூதாட்டக்கூடம் காரணமாக இடம் கொடுக்கவில்லை. 2023-ல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியது. இன்றைய அளவில் அது சின்னக் கப்பல். பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி கிடையாது, ஜன்னல்தான். அதனாலேயே வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கிறது என்பது என் கருத்து. வெள்ளைச் சுவரில் ஜன்னல் வரிசை ஒழுங்காக ஓடுகிறது, கண் தங்க இடம் கிடைக்கிறது. எங்கள் குழுவில் அந்தப் படத்தைப் போட்டபோது மாமா, “இது கப்பல்” என்று இரண்டே சொல்லில் ஒத்துக்கொண்டார். அத்தை மகளுக்கு அது பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் மாதிரி இருக்கிறதாம்.

நான் ஒரு சொகுசுக் கப்பலைப் பக்கத்தில் பார்த்தது கொச்சியில். எங்களுக்குச் சென்னையை விடக் கொச்சி கிட்டே. தென்காசியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் செங்கோட்டை, ஆரியங்காவு மலை தாண்டிக் காலையில் எர்ணாகுளம். மறுநாள் விடிகிற நேரம் ஃபோர்ட் கொச்சியில் சீனவலைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாய்க்கால் குறுகலானது, கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் போகிற மாதிரி இருக்கும். முதலில் முன்பக்கம் வந்தது. நங்கூரம் தொங்கும் துளையிலிருந்து துரு வழிந்து, வெள்ளைப் பெயின்ட்டில் நீளமாகப் பழுப்புக் கோடு. பிறகு சுவர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பால்கனிகளில் ஒரு தாத்தா தேநீர்க் கோப்பையோடு, ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டு, ஒரு பையன் கம்பியைப் பிடித்து எம்பி எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையை எடுக்காமலே தலையை ஆட்டினார். மற்றவர்கள் திரும்பவில்லை. நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பால்கனி எதுவும் இல்லாத இடத்தில், வட்டமான சின்ன ஜன்னல்கள் ஒரு வரிசை.

அதைப் படமெடுத்து, கப்பலில் வேலை பார்க்கும் அந்தச் சித்தி மகன் தம்பிக்கு அனுப்பினேன். “அந்த வட்டமெல்லாம் எங்க பக்கம் அண்ணே. அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. எனக்கு ஜன்னலே இல்லை. லைட் அணைச்சா பகலா ராத்திரியான்னு தெரியாது” என்றான். பால்கனியைத் திட்டினால் அவனுக்குப் பிடிக்காது. கடலைப் பார்க்கிற அறை ஒரு காலத்தில் பணக்காரருக்கு மட்டும் இருந்தது, இப்போது சம்பளக்காரக் குடும்பமும் சேர்த்துவைத்து எடுக்கிறது, அது நல்லதுதானே என்பான். நியாயம். ஒரு பால்கனிச் சுவரைப் பார்த்து அசிங்கம் என்று சொல்லும் முன்னால், அதில் நின்று கையாட்டிய அந்தப் பையனை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் பால்கனி தலையில் கட்டிவிட முடியாது. நார்டிக் எம்ப்ரஸ் பிறந்த அதே சென்-நசேர் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1935-ல் உலகமே அண்ணாந்து பார்த்த ‘நார்மண்டி’ அங்கேதான் உருவானது. 2003 கடைசியில் முடிந்த ‘குவீன் மேரி 2’ அங்கே. 2010-ல் ‘நார்வீஜியன் எபிக்’ அங்கே. 2018-ல் ‘செலிப்ரிட்டி எட்ஜ்’ அங்கே. ஊர் ஒன்று, தோற்றம் எத்தனை வகை.

குவீன் மேரி 2-ஐ வடிவமைத்த ஸ்டீஃபன் பெய்ன் அதை அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பலாகவே நினைத்தார். நீண்ட முன்தளம், கூரான முகப்பு, வழக்கத்தை விட உயரத்தில் படகுகள். அதிலும் பால்கனிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் கீழ்வரிசைப் பால்கனிகளைக் கப்பலின் உடம்பிலேயே குடைந்துவிட்டார். தூரத்தில் பார்த்தால் கறுத்த உடலில் துளைகள்போல் அடங்கிவிடுகின்றன. புகைபோக்கி மட்டும் கொஞ்சம் குட்டை. நியூயார்க்கின் வெரசானோ பாலத்துக்கு அடியில் நுழையவேண்டுமே. அந்தக் குட்டையை வைத்து இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

எபிக்கின் கதை வேறு. மாலுமி அறைக்கு மேலே, கப்பலின் நெற்றியில், சில அடுக்கு உயரத்துக்கு ஒரு சதுரப் பெட்டியை வைத்துவிட்டார்கள். விலை உயர்ந்த அறைகள் அதற்குள். வளைவு கிடையாது, சரிவு கிடையாது, கீழே இருக்கிற வடிவத்தோடு ஒட்டுறவே கிடையாது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பிறகு யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. இதற்கு முன்னால் 1998-ல் ‘கிராண்ட் பிரின்சஸ்’ பின்பக்கத்தில் உயரத் தூக்கி ஒரு நடனக்கூடம் கட்டினார்கள். கடைகளில் தள்ளிக்கொண்டு போகிற வண்டியின் கைப்பிடி என்று பெயர் வாங்கி, 2011-ல் அதை அறுத்தே எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் கிராண்ட் பிரின்சஸின் கைப்பிடியை விட எபிக்கின் நெற்றிதான் மோசம். கைப்பிடியிலாவது ஒரு துணிச்சல் இருந்தது.

எட்ஜ், பால்கனியை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்று காட்டியது. துபாயின் புர்ஜ் அல் அரப் ஹோட்டலை வடிவமைத்த டாம் ரைட் அதில் வேலை செய்திருக்கிறார். பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேடை தொங்குகிறது. நீர்மட்டத்துக்கு அருகே இறங்கினால் படகேறும் இடம், மேலே ஏறினால் சாப்பிடும் இடம். தூரத்தில் பார்த்தாலும் அது எந்தத் தளத்தில் நிற்கிறது என்று தெரியும். கப்பலின் வெளிப்புறம் நாளுக்கு நாள் மாறுகிறது! இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

புகைபோக்கிக்கு வருகிறேன். பொய்ப் புகைபோக்கியைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. டைட்டானிக்கின் நான்காவதில் எஞ்சின் புகை வரவில்லை. நார்மண்டியின் மூன்றாவதும் சும்மாதான் நின்றது. கண்ணுக்குத் தேவைப்பட்டது, வைத்தார்கள். கார்னிவல் நிறுவனத்தின் ஜோ ஃபார்கஸ் 1982-ன் ‘ட்ராபிகேல்’ கப்பலிலிருந்து திமிங்கில வால்போலப் புகைபோக்கியை இரண்டாகப் பிரித்தார். புகை பக்கவாட்டில் போகிறது, தூரத்திலேயே யாருடைய கப்பல் என்றும் தெரிகிறது. டிஸ்னி கப்பல்கள் கருநீல உடல், இரண்டு சிவப்புப் புகைபோக்கி என்று பழைய காலத்தை அன்போடு திரும்பக் கொண்டுவந்தன. உயிர்காப்புப் படகு ஆரஞ்சாக இருக்கவேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குக் கேட்டு, மஞ்சளாக்கிக்கொண்டார்கள்.

உடம்பில் வரையும் ஓவியங்கள்தான் எனக்கு ஆகவில்லை. ஜெர்மனியின் ஐடா கப்பல்களில் சிவந்த உதடும் கண்ணும் 1996-லிருந்து இருக்கின்றன. அது முகப்பில், அளவாக, ஒரே ஓவியர் ஃபெலிக்ஸ் பியூட்னரின் கையில் வந்தது, அதை ஏற்கலாம். நார்வீஜியன் நிறுவனம் பல கப்பல்களுக்கு ஒவ்வொரு ஓவியரைப் பிடித்துப் பக்கவாட்டில் பெரிதாக வரைந்திருக்கிறது. ஓவியம் முடிகிற இடத்தில் பால்கனிச் சுவர் எந்த மாற்றமும் இல்லாமல் தொடங்குகிறது. வடிவத்தில் யோசிக்காததை வண்ணத்தில் மூடப் பார்ப்பது என்னை உறுத்துகிறது.

கரையில் நிற்பவரின் உரிமை என்று ஆரம்பத்தில் சொன்னேன். வெனிஸ் மக்கள் அதற்காகப் பல வருஷம் போராடினார்கள். தேவாலயக் கோபுரங்களுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் மேலே கப்பல் நகர்ந்து போவதை ஜான்னி பெரெங்கோ கார்தின் என்ற மூத்த புகைப்படக் கலைஞர் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 2015-ல் அந்தக் கண்காட்சி டோஜே அரண்மனையில் நடக்கக்கூடாது என்று நகர மேயர் தடுத்தார். வேறு இடத்தில் நடந்தது. 2019 ஜூனில் ‘எம்.எஸ்.சி. ஒபெரா’ கட்டுப்பாடு இழந்து கரையிலும் சுற்றுலாப் படகிலும் மோதியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுதெக்கா கால்வாயில் வரத் தடை. அலையும் மண்ணரிப்பும் காரணங்களில் சேர்ந்தவைதான். ஆனால் மக்களைத் தெருவுக்கு இறக்கியதில் அந்தப் பார்வைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. தங்கள் ஊர் வானத்தை ஒரு சுவர் மறைத்துக்கொண்டு போவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

ஐகானைப் பற்றி என் முடிவைக் கேட்டால், முன்பக்கம் நன்றாக இருக்கிறது. மேலே கண்ணாடிக் கூண்டு ஒன்று, 363 டன் எடையாம், முகப்பின் வளைவோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பியானோவின் டால்ஃபின் நெற்றிக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்வேன். பின்பக்கத்தில் மாமாதான் சரி. குழாய்களை அவ்வளவு வெளியே நீட்டிக் காட்டத் தேவையில்லை.

இந்தச் சண்டை நமக்குத் தூரத்துச் சண்டையும் இல்லை. 1999-ன் ‘நார்வீஜியன் ஸ்கை’, 2001-ன் ‘நார்வீஜியன் சன்’ இரண்டையும் கொர்டீலியா எடுத்து ஓட்டப்போவதாக 2025-ல் அறிவிப்பு வந்தது. ஸ்கை 77,000 டன்னேஜைத் தாண்டும், 258 மீட்டர். எபிக் காலத்துக்கு முந்தைய உருவம். பால்கனி இருக்கிறது, அளவாக இருக்கிறது. பக்கவாட்டில் என்ன வரையலாம் என்று எங்கள் குழுவில் இப்போதே பேச்சு. அத்தை மகள் மயில் கேட்கிறாள். மாமாவுக்குக் கறுப்பு உடலில் வெள்ளைக் கோடு வேண்டும், ரஜுலா மாதிரி. தம்பிக்கு எந்த நிறமானாலும் சரி, ஊழியர் அறைக்கு இன்னும் நாலு வட்ட ஜன்னல் வெட்டச்சொல்லுங்கள் என்கிறான். வெட்டினால் வெளியிலிருந்து பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். நான் கேட்பது, பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு, முகப்பில் கப்பலின் பெயரைத் தமிழிலும் எழுதட்டும், மெரினாவில் நின்றால் படிக்கிற அளவுக்குப் பெரிதாக.